தேசிக்காய் தொங்காத கதவு

பெற்றோல் போத்தல்களைச் சுமந்து வந்தவனே இராமசாமிதானாம். நாவுலயிலிருந்து வந்த பஸ்ஸில் யாரோ சொன்னதாக ஒருத்தி சொல்லி, அவள் சொன்னதாக இன்னொருத்தி சொல்லி, கதை மாத்தளை பஸ் நிலையத்தில் இறங்குவதற்குள் அவன் கையில் ஒரு வாளும் முளைத்துவிட்டது. நிறைவெறியில் இருந்தானாம். முஸ்லிம் கடைகளை ஒவ்வொன்றாக விரல் நீட்டிக் காட்டினானாம்.

வாள் பொய். பெற்றோலும் பொய். கடைகள் எரிந்த அன்றைக்கு அவன் ஒரு சொட்டும் குடித்திருக்கவில்லை. விரலைக்கூட நீட்டவில்லை. வாயைத் திறந்தான், அவ்வளவுதான்.

கலேவெல வீதியில் நாற்பது கடைகள் கொண்ட ஒரு சந்தி அது. வெள்ளிக்கிழமை காலையில் அங்கே முதலில் சாம்பிராணி வாசம் வரும், பிறகுதான் இராமசாமி வருவான். கம்பி கட்டிய பால்மா டின்னில் தணல், செம்பில் மஞ்சள் தண்ணீர், தோளில் ஒரு பை. பைக்குள் தேசிக்காயும் பச்சைக் கொச்சிக்காயும் கோத்த கண்திருஷ்டிச் சரங்கள். பழைய சரத்தை அறுத்தெறிந்து, புதியதை நிலைக்கு மேலே கட்டி, வாசலில் தண்ணீர் தெளித்துப் புகை காட்டுவான். தமிழ் முதலாளியும் கும்பிடுவார், சிங்கள முதலாளியும் கும்பிடுவார். மொத்தம் இருபத்தேழு கதவுகள். மற்றவை முஸ்லிம் கடைகள். அவற்றைத் தாண்டும்போது மட்டும் டின்னை மறு கைக்கு மாற்றிக்கொள்வான்.

துணிக்கடை ஸஹ்னா அப்போதும் சும்மா விடமாட்டாள்.

"ராமசாமி அண்ணே, ஒங்கட பொக எங்கட கடைக்குள்ளயும் வருது. தானா வந்த பொகைக்கு சல்லி கேக்கப்படாது, சொல்லிட்டன்!"

"காத்து கொண்டாந்ததுக்கு காத்துக்கிட்டத்தான் கேக்கணும் தங்கச்சி," என்பான். ஒரு பிளேன்டீ வரும்.

ஸஹ்னாவின் கடையை ஒட்டியே இருந்தது அவன் மகள் நிரோஜாவின் தையல் கடை. திறந்த அன்று முதல் சரத்தைக் கட்டியவன் அவன்தான். பிறகு நிரோஜா வஹகோட்டை ரொஹானைக் கட்டிக்கொண்டு கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்தாள். ரொஹான் கட்டாருக்குப் போனான். எட்டு மாதத்துக்கு முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை, அவள் சரத்தை அவிழ்த்துத் தாளில் சுற்றி, இரண்டு கையாலும் அப்பாவிடம் நீட்டினாள்.

"இனிமே இது வேணாம்பா. கோவிச்சுக்காதீங்க."

"ஏன், தேசிக்கா ஒங்க சாமிய கடிச்சிருச்சோ?"

பொட்டலத்தை வடிகானில் எறிந்துவிட்டு வந்தவன், அதன் பிறகு அந்த வரிசைக்கே போகவில்லை; அதில் மற்றவையெல்லாம் முஸ்லிம் கடைகள்தான். அவனது சுற்று பேக்கரியோடு முடிந்துவிடும். ஆனால் எத்தனை கடை என்று யாராவது கேட்டால் இருபத்தேழு என்றுதான் வாயில் வரும். மனதுக்குள் மகளின் கதவில் அவன் கட்டிய சரம் தொங்கிக்கொண்டேதான் இருந்தது.

ஸஹ்னாதான் பேக்கரி வாசல்வரை பிளேன்டீயைக் கொண்டுவந்து கொடுப்பாள். கூடவே மகளின் செய்தியும் வரும். நிரோஜாவுக்குக் காய்ச்சல், நிரோஜா புது மெசின் வாங்கியிருக்கிறாள், நிரோஜா நேற்று அழுதாள்.

ஈஸ்டர் ஞாயிறன்று தேவாலயங்களில் குண்டு வெடித்தது; வெடிக்க வைத்தவர்கள் முஸ்லிம் பெயர்க்காரர்கள். அதன் பிறகு சந்தியின் முகமே மாறிவிட்டது. முஸ்லிம் கடைத் தேத்தண்ணியில் எதையோ கலக்கிறார்களாம், குடித்தால் பிள்ளை தங்காதாம். கண்டவர் யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. இராமசாமியும் கேட்கவில்லை. அந்த வெள்ளிக்கிழமை ஸஹ்னா அந்தப் பக்கம் திரும்பும்வரை காத்திருந்து, தேத்தண்ணியை வடிகானில் ஊற்றினான். வெறுங்கோப்பையை வாங்கிக்கொண்டவள் ஈரமான வடிகான் விளிம்பையும் பார்த்தாள். அடுத்த வெள்ளிக்கிழமை அவள் வரவில்லை. மகளின் செய்தியும் வரவில்லை.

திங்கட்கிழமை பகல் இரண்டு மணிக்கு மோட்டார் சைக்கிள்கள் வந்தன. பத்தா, முப்பதா, எண்ண நேரமில்லை. சட்டர்கள் படபடவென்று விழுந்தன. பாண் வாங்கிக்கொண்டு நடுத்தெருவில் நின்ற இராமசாமிதான் முதலில் அகப்பட்டான்.

முதல் அறை காதில். அடுத்த குத்து வயிற்றில். முருகனுக்கு நேர்ந்து வளர்த்திருந்த தாடியைப் பிடித்து இழுத்து, "நீ எந்த இனம், சொல்லடா!" என்று ஹெல்மெட் போட்டவன் சிங்களத்தில் கத்தினான்.

"தமிழ், மாத்தயா! தமிழ்!" சட்டைக்குள் கிடந்த உருத்திராட்சத்தை வெளியே இழுத்துக் காட்டினான்.

கூட்டத்திலிருந்து ஓர் உள்ளூர்க் குரல், "அவனை விடு. அது நம்ம தேசிக்காய்க்காரன்," என்றது.

தாடியைப் பிடித்திருந்த கை தோளுக்கு இறங்கியது. தட்டியும் கொடுத்தது. "அப்படியென்றால் நீ நம்ம ஆள். இந்தச் சட்டர்களில் எது அவன்களுடையது?"

எண்பத்து மூன்றில் தமிழரைத் தேடித் தேடி அடித்தபோது இராமசாமிக்கு ஒன்பது வயது. மாத்தளை டவுனில் வெங்காய மூட்டைகளுக்குப் பின்னால் ஒளிந்திருந்தான். மூட்டை சுமக்கும் அப்பா சாரமும் வெற்றிலை வாயுமாக, எந்த இனம் என்று தெரியாத ஆளாக, கூட்டத்தோடு கூட்டமாகத் தப்பிப் போய்க்கொண்டிருந்தார். தினமும் அவருக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தவன் அவர் பக்கம் லேசாக நாடியை அசைத்துக் காட்டினான். அத்தோடு அப்பாவின் இடது கண் போனது. அடிப்பவன், அடி வாங்குபவன், காட்டிக் கொடுப்பவன் என்று தெருவில் மூன்று இடங்கள்தான் உண்டு என்று அந்தப் பையன் அன்றே மனதில் எழுதிக்கொண்டான். அவற்றில் அடி விழாத இடங்கள் இரண்டு.

"தேசிக்காய் தொங்குற கதவெல்லாம் நம்ம கடை மாத்தயா," என்றான் இராமசாமி. "அதுகள்ல கை வைக்காதீங்க."

எரிக்கவா சொன்னான்? விடத்தானே சொன்னான். இருபத்தேழு கதவுகளைக் காப்பாற்றிவிட்டோம் என்று நெஞ்சுகூடக் கொஞ்சம் நிமிர்ந்தது. தோளில் அந்தக் கை இருந்த சூடு இன்னும் போகவில்லை.

வேலை சுலபமாகிவிட்டது. நிலையை அண்ணாந்து பார்ப்பார்கள். சரம் தொங்கினால் தாண்டுவார்கள், தொங்காவிட்டால் சட்டருக்கு அடியில் அலவாங்கு பாயும். இரும்புக்கடை முதலாளியைத் தாடியோடு இழுத்து வந்து தெருவில் போட்டு, சைக்கிள் செயினால் முதுகு பிளக்க விளாசினார்கள். அவர் கத்தவில்லை, ஒவ்வொரு அடிக்கும் "ம்" கொட்டினார். பேக்கரியைத் தாண்டி அடுத்த வரிசைக்குள் புகுந்தார்கள். ஸஹ்னாவின் சட்டர் வாழை மட்டைபோல் மடங்கியது. துணிகள் எரிய எரியத் தெருவுக்கு வந்தன.

அப்புறம் ஒரு சத்தம் கேட்டது. கனத்த இரும்பு தார் ரோட்டில் விழும் சத்தம். இராமசாமி திரும்பினான். காலால் மிதிக்கும் தையல் மெசின் ஒன்று சக்கரம் சுழலக் கவிழ்ந்து கிடந்தது. அதில் அவன் வைத்த சந்தனப் பொட்டின் தழும்பு இன்னும் இருந்தது.

நிலையை அப்போதுதான் பார்த்தான். வெறும் ஆணி.

"அது எங்க கடை! என் மக கடை மாத்தயா! உள்ள புள்ள இருக்கா!"

ஹெல்மெட்காரன் நிதானமாக நிமிர்ந்து பார்த்தான். "தேசிக்காய் எங்கே?"

"அவ வேதக்காரி... கழட்டிட்டா..."

"நீதானே சொன்னாய்? அவன்களை ஒளிக்கப் பார்க்கிறாயா?"

பொல்லடி வாயில் விழுந்தது. இரண்டு பற்கள் நாக்கில் உருண்டன. தோளில் தட்டியவனே கீழே விழுந்தவனின் விலாவில் சப்பாத்துக் காலால் உதைத்தான். போத்தலைப் பற்றவைத்துத் தையல் கடைக்குள் வீசினான்.

பொலிஸ் ஜீப் வந்தபோது எரிவதற்கு மிச்சம் அதிகமில்லை. மகளின் கடைக்குள் ஆள் இல்லை என்றார்கள். ஸஹ்னாவின் கடையிலும் இல்லை. இரண்டு கடைக்கும் நடுச்சுவரில் பின்பக்கம் ஒரு சின்னக் கதவு இருந்ததும், அது திறந்தே கிடந்ததும் இராமசாமிக்கு அன்றுதான் தெரியும். அதற்கப்பால் வயல். வயலில் இரண்டு பெண்கள் ஓடியதாக ஒருவர் சொன்னார். பின்னாலேயே நாலைந்து பேர் துரத்தியதாக இன்னொருவர் சொன்னார்.

பேக்கரி வாசலில் உட்கார்ந்து நிரோஜாவின் நம்பரை அழுத்தினான். எட்டு மாதமாக அழுத்தாத நம்பர். அடித்து ஓய்ந்தது. மறுபடி அழுத்தினான். ஒன்பது தடவை. பத்தாவது தடவை அழுத்தப் போகையில் போன் தானாகவே அலறியது.

திரையில் அவள் பெயர்.

அவளாக இருந்தால், தேசிக்காயைப் பற்றி அவன்களிடம் யார் சொன்னது என்று கேட்பாள். அவள் பக்கத்திலிருந்து ஸஹ்னாவும் கேட்டுக்கொண்டிருப்பாள். அவளுடைய போனை எங்கேயோ கண்டெடுத்த வேறு யாராவது என்றால், அவர்கள் கேட்கமாட்டார்கள், சொல்வார்கள். இராமசாமி ரத்தத்தை விழுங்கினான். பெருவிரல் பச்சை வட்டத்தைத் தொடப் போய், தொடாமல் நின்றது.

போன் அடித்துக்கொண்டே இருந்தது.