வதனியின் இடது முழங்கால்

வதனி இறந்த செய்தி வதனியின் மின்னஞ்சலிலிருந்தே வந்தது. எங்கள் குழுவில் யாருடைய தொலைபேசி எண்ணும் தெரியாததால், அவர் கணவர் ரவி அவருடைய கணினியைத் திறந்து இரண்டு வரி எழுதியிருந்தார். நான் சான்ட்ரிங்ஹாம் கடைத்தெருவில் கறிவேப்பிலை வாங்கிக்கொண்டு பேருந்துக்காக நின்றிருந்தேன். அவர் பெயரைப் பார்த்ததும், சனிக்கிழமைக் கூட்டத்துக்கு யார் பிஸ்கட் கொண்டுவருவது என்று கேட்டிருப்பார் என நினைத்துச் சிரித்துக்கொண்டேதான் திறந்தேன்.

அவருக்கு அஞ்சலி செலுத்த வந்திருக்கும் உங்களில் பெரும்பாலோருக்கு அவரைப் பிசியோதெரபிஸ்டாகத் தெரியும். பலருடைய இடுப்பையும் தோளையும் நிமிர்த்திவிட்டவர். அவருடைய சனிக்கிழமைகளைப் பற்றி நான்தான் சொல்ல வேண்டும். மாதம் ஒருமுறை பிளாக்ஹவுஸ் பேயில் ஒரு மண்டபத்தை வாடகைக்கு எடுத்து, மனித அசைவைக் கணினியில் நடத்திப் பார்க்கும் ஒரு மென்பொருளுக்காக எங்களைக் கூட்டுவார். ஒருவர் நடப்பதைப் படம்பிடித்துக் கொடுத்தால் திரையில் ஓர் எலும்புக்கூடு அப்படியே நடக்கும். எந்தத் தசை எவ்வளவு இழுக்கிறது என்று கணக்கிட்டுச் சொல்லும். விலை கிடையாது. உலகில் யாரும் எடுத்துக்கொள்ளலாம், யாரும் திருத்தம் அனுப்பலாம். எங்கள் குழு சேர்த்த பகுதிக்கு வரும் திருத்தங்களை ஏற்பதா தள்ளுவதா என்று தீர்மானிப்பவர் வதனி.

மதுரையிலிருந்து வந்த புரோகிராமர் என்ற மிதப்போடு, லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு முதல்நாள் போனேன்.

"இஞ்ச இருந்து அங்கால மட்டும் ஒருக்கா நடந்து காட்டும்" என்றார்.

"நான் புரோகிராம் எழுத வந்திருக்கேங்க."

"ஓம் ஓம், எழுதலாம். ஆளைப் பாக்காமல் திரையைப் பாத்து என்ன பிரயோசனம்? நடவும்."

வெறுங்கையோடு நடந்தேன். "வலது தோளில பாரமான பை தூக்கிறனீரோ?" என்று கேட்டார். கல்லூரிக் காலம் முழுக்கத் தூக்கியிருக்கிறேன். அன்றிலிருந்து என் மிதப்பு அவரிடம் செல்லுபடியாகவில்லை.

புதிதாக வருகிறவர்கள் பழகிப் பார்க்க ஒரு மாதிரி நடை தேவைப்பட்டது. பக்குரங்காவிலிருந்து வரும் மலேசியத் தமிழர் ஒருவர் கால்பந்து ஆடுகிறவர். அவரை நடக்கவிடலாம் என்றோம். வதனி காமிராவுக்குப் பளிச்சென்று தெரியும் சிறு உருண்டைகளை எடுத்துத் தன் காலிலேயே ஒட்டிக்கொள்ளத் தொடங்கினார். சிறுவயதில் யாழ்ப்பாணத்தில் அடிபட்ட இடது முழங்கால் அவருக்கு முழுதாக மடங்காது. காலைச் சற்று வெளியே வீசித்தான் நடப்பார். நான் தயங்கியதைக் கண்டுவிட்டார்.

"நல்லா நடக்கிற ஆக்களுக்கு இது என்னத்துக்கு? அவை தங்கட பாட்டில நடந்து போகட்டும். எங்களுக்குத்தான் கணக்குத் தேவை."

மண்டபத்தின் நடுப்பகுதியை மட்டும்தான் காமிராக்கள் பார்க்கும். அதைத் தாண்டியும் நிற்காமல் நடந்து தேநீர் மேசைக்கு வந்தார். நான் ஊற்றி வைத்திருந்த கோப்பையை எடுத்து ஒரு வாய் குடித்துவிட்டு, "சீனி போட மறந்திட்டீர்" என்றார். அந்த நடையை இணையத்தில் எல்லோருக்குமாக வைத்தோம்.

மண்டபத்தின் மரத்தரையில் ஓர் அடி மெல்ல, ஓர் அடி அழுத்தி அவர் வருவது, திரும்பிப் பார்க்காமலே எனக்குத் தெரியும். போன சனிக்கிழமையும் காது அதற்காகக் காத்திருந்தது. என்ன பைத்தியக்காரத்தனம்! வதனி இல்லை என்று வந்தவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்ததே நான்தான்.

இந்த வாரம் முகம் தெரியாத ஒருவரிடமிருந்து ஒரு திருத்தம் வந்தது. மாதிரி நடையில் இடது முழங்கால் உருண்டை இடம் தவறி ஒட்டப்பட்டிருக்கிறது, சரிசெய்திருக்கிறேன் என்று மரியாதையாக எழுதியிருந்தார். வதனியின் பொறுப்பு இப்போது என்னுடையது. ஓட்டிப் பார்த்தேன். எலும்புக்கூடு இரண்டு முழங்காலையும் அழகாக மடக்கி நடந்தது. முதலில் கோபம்தான் வந்தது. பிறகு, வலியில்லாமல் ஒருமுறையாவது அவர் இப்படி நடந்திருக்கலாமே என்ற ஆசை வந்து அழுதுவிட்டேன். ஆனால் திரையில் நடந்தது வேறு யாரோ. அதை ஏற்றுக்கொண்டால் வதனி இனி எங்குமே நடக்கமாட்டார். மடங்காத காலோடு வரும் அடுத்த ஆளுக்கும் அங்கே இடமிருக்காது.

நன்றி சொல்லித் தள்ளிவிட்டேன். "உருண்டை சரியான இடத்தில்தான் இருக்கிறது. அவர் நடையே இதுதான்" என்று பதில் எழுதினேன்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தச் சில அடிகள். தினமும் ஓட்டிப் பார்க்கிறேன். இடது காலை வீசி வதனி வருகிறார், மண்டபத்தின் நடுவைக் கடக்கிறார், காமிராக்களின் எல்லையில் நின்றுவிடுகிறார். சீனி போட்டு வைத்திருக்கிறேன், வதனி. இன்னும் நாலு எட்டுத்தான் மேசை.