ரிவர் என்றால் ஆறு

எனக்கு ஆங்கிலம் தெரியாது என்பது இன்றைக்கு எனக்குத் தெரியும். ஐந்தாம் வகுப்பில் அதுவும் தெரியாது. திண்டிவனத்தில் எங்கள் தெருவுக்கே நான்தான் மொழிபெயர்ப்பாளன் என்று திரிந்துகொண்டிருந்தேன். மருந்துச் சீட்டு, பேங்கிலிருந்து வரும் மெசேஜ், கேஸ் சிலிண்டரில் எழுதியிருப்பது, எதை நீட்டினாலும் பொருள் சொல்வேன். தெரியாத இடத்தில் தெரிந்ததைப் போட்டு நிரப்புவேன். பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் என்னை நம்பி இருமல் மருந்தைக் காலில் தேய்த்துக்கொண்டதும் உண்டு.

அக்கா மாதா கோயில் பாடகர் குழுவில் பாடியவள். பாண்டிச்சேரியில் கல்லூரிக்குப் போன இடத்தில், இரண்டு கிதாரும் ஒரு டிரம்ஸும் வைத்துக்கொண்டு பாட ஆளில்லாமல் இருந்த மூன்று பேரோடு சேர்ந்தாள். அந்தக் குழு ஏற்கெனவே போட்டிருந்த முதல் ஆல்பத்தை அவர்களுடைய அம்மாக்கள்கூட முழுதாகக் கேட்டிருக்க மாட்டார்கள். இரண்டாவதற்கு அக்கா ஆங்கிலத்தில் ஒரு பாட்டு எழுதினாள். அதைச் சென்னையில் பதிவு செய்ய, சனிக்கிழமை காலை ஆறு மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். அப்பா அரைமனதாகத் தலையாட்டியிருந்தார்.

முந்தின நாள் சாயங்காலம் விழுப்புரத்திலிருந்து மாமா வந்தார். உள்ளே அக்கா பாடிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னா பாட்டுடா இது?" என்று என்னைக் கேட்டார்.

"ஆல்டர்னேட்டிவ் ராக் மாமா."

"எதுக்கு ஆல்டர்னேட்டிவ்? பாட்டுக்கா?"

அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். அந்த வீட்டில் சிரிக்க வைப்பது என் உத்தியோகம். மாமா அதைப் பறித்துக்கொண்டது எனக்குப் பொறுக்கவில்லை. அப்போது பார்த்து அப்பா, "இன்னான்னு பாடிக்கினு இருக்கா? நீதான் இங்கிலீஷ் மீடியமாச்சே, சொல்லு" என்றார்.

பல்லவியில் எனக்குப் பிடிபட்டது இரண்டே சொல். ரன் அவே. ரிவர்.

"ஓடிப்போறதப் பத்திப்பா."

அம்மாவின் சிரிப்பு நின்றது. வயசுப் பெண் இருக்கும் வீட்டில் அந்த வார்த்தைக்கு ஒரே அர்த்தம்தான். எனக்கு அது தெரியாது. எல்லோரும் என்னையே பார்க்கிறார்கள் என்பது மட்டும் தெரிந்தது. நன்றாகவும் இருந்தது.

"அப்புறம்?" என்றார் அப்பா.

"ஆறு."

"ஆறு மணிக்கா?"

தண்ணி ஓடுகிற ஆறு என்று சொல்ல ஒரு நொடி போதும். சொன்னால் எல்லோரும் அவரவர் வேலைக்கு எழுந்து போய்விடுவார்கள். நான் தலையாட்டினேன்.

அக்கா ஓடி வந்து சொன்னாள். அது தென்பெண்ணை ஆறு, வெள்ளம் வந்தால் ஒரு ஊரிலும் நிற்காமல் கடலுக்கு ஓடிவிடுகிறதே, அதைத்தான் எழுதினேன் என்றாள்.

"புள்ளை பொய் சொல்லுமா?" என்றார் மாமா.

அக்கா என்னைப் பார்த்தாள். நான் மாமா வாங்கி வந்த மிக்சரில் மல்லாட்டைக் கடலையைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். ஒன்றுகூட விடவில்லை.

இருட்டுவதற்குள் அவளுடைய போன் அப்பாவின் சட்டைப் பைக்குள் போனது, அவள் மாமாவோடு விழுப்புரம் போனாள். மீதிப் படிப்பு, அப்புறம் கல்யாணம், எல்லாம் அங்கேயே நடந்தது. ஃபேனுக்கு நேர் கீழே படுக்க எனக்கு இடம் கிடைத்தது. அன்றைக்கு எனக்குப் புரிந்த ஒரே மாற்றம் அதுதான்.

பாட்டை வேறொரு பெண் பாடினாள். அந்த ஆல்பம்தான் அவர்களைத் தூக்கிவிட்டது. நான் கல்லூரி ஹாஸ்டலில் சேர்ந்தபோது பாதிப் பேர் அதன் அட்டைப்படம் போட்ட டி-ஷர்ட்டில் திரிந்தார்கள். எழுதியவர் என்று அக்கா பெயர் கடைசியில் பொடி எழுத்தில் இருந்தது. என் அறைத்தோழன் குளிக்கும்போதெல்லாம் அந்தப் பல்லவியைக் கொலை செய்வான். வாய் திறந்தால் பீலா விடுகிற எனக்கு, 'எங்கக்கா எழுதினதுடா' என்கிற ஒரு நிஜத்தைச் சொல்ல நாலு வருஷமும் நாக்கு எழவில்லை.

போன மாதம் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். துணி மடித்துக்கொண்டிருந்தாள். இரண்டு ஜோக் சொல்லிவிட்டு, மூன்றாவதைப் போலவே ஆரம்பித்தேன். "அக்கா, அன்னிக்கு அது மணி இல்ல, ஆத்துத் தண்ணிதான்னு எனக்கு அப்பவே தெரியும்."

அவள் தலையணை உறையை நீவி மடித்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"அப்பாவுக்கும் தெரியும்டா."