காய் வைக்க வேண்டிய இடத்தில் பழம்

எனக்கு வாய் அதிகம். நான் ஒத்துக்கொள்ளாவிட்டாலும் மூக்கண்டப்பள்ளியில் எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள், அதனால் நானே சொல்லிவிடுகிறேன். தண்ணீர் லாரிக்காரர், கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவர், வீட்டு ஓனரம்மா என்று என்னிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாதவர்கள் குறைவு. என் வீட்டுக்காரர் இதற்கு நேர் எதிர். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வேலை தேடி ஓசூருக்கு வந்தவர். தெற்கத்திக்காரர்கள் ஓயாமல் பேசுவார்கள் என்று கல்யாணத்துக்கு முன்னால் யாரோ சொன்னதை நம்பினேன். நன்றாக ஏமாந்தேன்.

எங்கள் பாப்டிஸ்ட் சபை சின்னது. தகரக் கூரை போட்ட ஒரு ஹால். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். பிரசங்க மேடைக்கு முன்னால் முழுக்கு ஞானஸ்நானம் கொடுக்கிற தொட்டி இருக்கிறது. மற்ற நாட்களில் அதன்மேல் பலகை போட்டு மூடியிருக்கும். ஜனவரிக் கடைசியில், குளிர் இன்னும் போகாத ஒரு ஞாயிற்றுக்கிழமை, அந்தப் பலகை நிறைய காய்கறி குவியும். அன்றைக்கு எங்களுக்கு அறுப்பின் பண்டிகை. வேப்பனப்பள்ளிப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் ராகியும் அவரைக்காயும் மூட்டையாகக் கொண்டுவருவார்கள். கம்பெனிக்குப் போகிற எங்களுக்கு ஏது வயல்? மாடியில் தொட்டி வைத்து வளர்த்த நாலு தக்காளி, வீட்டுக்குப் பின்னால் தானாக முளைத்த பூசணி, எதுவும் இல்லாதவர்கள் மார்க்கெட்டில் வாங்கிய வாழைப்பழம் என்று ஏதோ ஒன்று வைப்போம்.

அதில் ஒரு வழக்கம் உண்டு. யார் ஆரம்பித்தார்கள் என்று பாஸ்டர் ஐயாவுக்கே தெரியாது. கேட்டது கிடைத்துவிட்டது என்றால் பழமாகக் கொண்டுவர வேண்டும். ஜெபித்துக்கொண்டிருக்கிறோம், இன்னும் கிடைக்கவில்லை, ஆனாலும் முன்கூட்டியே நன்றி சொல்கிறோம் என்றால் காயாகக் கொண்டுவர வேண்டும். வீட்டுக்கு ஒருவர் எழுந்து, மைக்கைப் பிடித்து, எதற்காக நன்றி என்று சொல்லிவிட்டு, கொண்டுவந்ததைப் பலகைமேல் வைக்க வேண்டும். பழத்தை ஆராதனை முடிந்ததும் அங்கேயே அறுத்து எல்லோருக்கும் பங்கு கொடுத்துவிடுவார்கள். காய் மறுநாள் பாஸ்டரம்மா வீட்டில் கூட்டாகும். அதனால் ஒருவர் வாயைத் திறப்பதற்கு முன்பே, கையில் இருப்பதைப் பார்த்து, அவர் வீட்டில் காரியம் நடந்துவிட்டதா இல்லையா என்று எங்களுக்குத் தெரிந்துவிடும்.

எங்கள் வீட்டுக்கு எப்போதும் நான்தான் பேசுவேன். ஒரே ஒரு வருடம் எனக்குத் தொண்டை கட்டிக்கொண்டதால் அவர் எழுந்தார். மைக்கை வாங்கினார், "கர்த்தருக்கு ஸ்தோத்திரம்" என்றார், உட்கார்ந்துவிட்டார். வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அவரைக் கிண்டல் செய்தேன். "ரெண்டு வார்த்தைக்கு எதுக்குங்க மைக்கு? அத சும்மாவே சொல்லியிருக்கலாமே!" அவர் சிரித்துக்கொண்டே பைக்கை ஓட்டினார்.

போன வருடத்துக்கு முந்தின வருடக் கடைசியில் அவர் கம்பெனியில் ஒரு பேச்சு கிளம்பியது. காண்ட்ராக்டில் இருக்கிறவர்களில் சிலரைப் பர்மனென்ட் ஆக்கப்போகிறார்கள், லிஸ்ட் தயாராகிறது என்று. இவர் அங்கே ஒன்பது வருடமாகக் காண்ட்ராக்டில் இருந்தார். பர்மனென்ட் ஆட்களுக்கு ஒரு நிறத்தில் சட்டை, காண்ட்ராக்ட் ஆட்களுக்கு வேறு நிறம். ஒன்பது வருடம் அந்த வேறு நிறச் சட்டையைத்தான் நான் துவைத்துக் காயப்போட்டேன். எவ்வளவு ஜெபித்திருப்பேன் என்று கேட்காதீர்கள்.

எங்கள் லைன் வீட்டுக்குப் பின்னால், துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில், ஒரு பப்பாளி மரம் தானாக வளர்ந்து நிற்கிறது. அறுப்பின் பண்டிகைக்கு முந்தின நாள் அதில் ஒன்று காயாக இருந்தது, ஒன்று நன்றாகப் பழுத்திருந்தது. முறைப்படி நான் பறிக்க வேண்டியது காய். கையும் அதற்குத்தான் போனது. அப்போது எனக்குள் ஒரு வீம்பு வந்தது. காயைக் கொண்டுபோய் வைத்தால் ஆண்டவரைச் சந்தேகப்படுகிற மாதிரி இருக்காதா? கொடுக்கப் போகிறவர் கொடுத்துவிட்டார் என்றே நினைத்தால் என்ன? இப்படி யோசித்துப் பழத்தைப் பறித்துவிட்டேன். இவரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மறுநாள் பழத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எழுந்தேன். "என் வீட்டுக்காரரைப் பர்மனென்ட் ஆக்கின தேவனுக்கு ஸ்தோத்திரம்!" என்றேன். ஹாலே அதிர்ந்தது. எனக்குப் பக்கத்தில் எப்போதும் உட்காருகிற கன்னடக்காரப் பெரியம்மா என் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, "தேவரு ஒள்ளேது மாடிதாரம்மா" என்று கண் கலங்கினார், கடவுள் நல்லது செய்தார் என்று. ஆண்கள் பக்கம் திரும்பிப் பார்த்தேன். நாலு பேர் இவர் தோளைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். இவர் தன் கால் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சபைக் காரியங்களைக் கவனிக்கிற டீக்கன்களில் ஒருவர் அதே கம்பெனியில் சூப்பர்வைசர். ஆராதனை முடிந்து பழம் பங்கு போட்டுக்கொண்டிருந்தபோது என்னிடம் வந்தார்.

"ஏம்மா, லிஸ்ட் இன்னும் வரவே இல்லியே. உனக்கு யாரு சொன்னது?"

"ஆண்டவர் சொன்னாருங்க."

"ஆண்டவர் எச்.ஆர்.ல இல்லியேம்மா" என்றார். சிரிக்காமல்தான் சொன்னார்.

அந்தப் பழம் தேனாக இனித்தது. எல்லோரும் சாப்பிட்டார்கள், நானும் இரண்டு துண்டு சாப்பிட்டேன். வீட்டுக்கு வந்ததும் இவர், "பழமாட்டி கொண்டு போன?" என்று மட்டும், ‘டி’க்குப் பதில் அவர் ஊர் ‘ட்டி’ போட்டுக் கேட்டார். அதற்குமேல் ஒன்றும் இல்லை. திட்டியிருந்தால் நானும் திருப்பிக் கொடுத்திருப்பேன், மனது ஆறியிருக்கும்.

திங்கட்கிழமையே பேச்சு கம்பெனிக்குள் போய்விட்டது. இவர் பெயர் லிஸ்டில் இருக்கிறதாம், பெண்டாட்டி சர்ச்சில் சாட்சியே சொல்லிவிட்டாளாம் என்று. மற்ற காண்ட்ராக்ட் ஆட்கள் ஆபீசுக்குப் போய், எங்கள் பெயர் இருக்கிறதா என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். இவரைக் கூப்பிட்டு, லிஸ்ட் பற்றி வெளியே யார் சொன்னது என்று விசாரித்தார்கள். மார்ச்சில் லிஸ்ட் வந்தது. இவர் பெயர் இல்லை. அந்த மாதக் கடைசியில் காண்ட்ராக்டும் முடிந்தது, புதுப்பிக்கவில்லை.

நான் டீக்கன் வீட்டுக்கே போனேன். "என்னாலதானுங்களா?" என்று கேட்டேன். "அதெல்லாம் இல்லம்மா, மேலேயே பாதிப் பேரை வெட்டிட்டாங்க. உன் பழத்துக்கும் லிஸ்ட்டுக்கும் சம்பந்தமே இல்ல" என்றார். நல்ல மனிதர். ஆனால் அதைச் சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் முந்திரிக்கொட்டை மாதிரி முந்திக்கொண்டு நின்றதால்தான் இவர் வேலை போனது என்று எனக்குள் நன்றாகப் பதிந்துவிட்டது. உண்மை எது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

நாலு மாதம் இவர் வீட்டில் இருந்தார். ரோஜாப் பண்ணை ஒன்றில் பூவைத் தரம் பிரித்துக் கட்டுகிற வேலைக்கு நான் போய்க்கொண்டிருந்தேன், சாப்பாட்டுக்குக் குறைவில்லை. ஆனால் இரவு தட்டில் சோறு போடும்போதெல்லாம், இவர் மனதில் என்மேல் குறை இருக்கிறதா, இல்லையா என்று முகத்தையே பார்ப்பேன். கேட்க வாய் வரவில்லை. ஊரையே கேட்கிற வாய், அதை மட்டும் கேட்கவில்லை. அவர் பாட்டுக்குச் சாப்பிட்டு, தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் படுத்துக்கொள்வார்.

ஆண்டவரிடமும் கோபித்துக்கொண்டேன். ஆமாம், கோபித்துக்கொண்டேன், அதை ஏன் மறைக்க வேண்டும்? உம்மை நம்பித்தானே பழத்தை வைத்தேன், இப்படியா சந்தி சிரிக்க வைப்பீர் என்று கேட்டேன். சபைக்குப் போவதை நிறுத்தவில்லை. ஆனால் முன்வரிசையை விட்டுக் கடைசிக்கு, செருப்பு ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன். கன்னடக்காரப் பெரியம்மாவும் தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வந்துவிட்டார். "முன்னாடி ஃபேன் காத்து ஜாஸ்தி" என்றார். அந்த ஃபேன் ஓடி ஒரு வருடம் ஆகிறது. என்னிடம் யாரும் அந்தப் பழத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. வம்புக்குப் பஞ்சமில்லாத சபை எங்களுடையது, இதில் மட்டும் வாயைக் கட்டிக்கொண்டார்கள்.

ஆகஸ்டில் இவருக்கு ஜூஜுவாடியில் ஒரு சின்னப் பட்டறையில் வேலை கிடைத்தது. சம்பளம் குறைவு, கம்பெனி பஸ் கிடையாது, சட்டைக்கு எந்த நிறமும் கிடையாது. போய் வந்துகொண்டிருக்கிறார்.

இந்த வருடம் மறுபடி அறுப்பின் பண்டிகை வந்தது. நான் முன்னாலேயே சொல்லிவிட்டேன். "இந்தத் தடவ நான் எந்திரிக்க மாட்டேன். ஒரு கிலோ கத்திரிக்கா வாங்கிக்கினு போய்க் கமுக்கமா வச்சிட்டு வந்துரலாம்." இவர் "சரிட்டி" என்றார். காலையில் நான் தலை சீவிக்கொண்டிருந்தபோது பின்னால் போய் எதையோ பறித்துத் துணிப்பையில் போட்டுக்கொண்டார். பப்பாளிக் காய் என்று நினைத்துக்கொண்டேன். நிரந்தர வேலைக்காக இன்னும் ஜெபிக்கிறார் போல என்று நினைத்து, சீவின தலையையே மறுபடி சீவினேன்.

மைக் ஆண்கள் பக்கம் வரிசையாக வந்தது. இவர் எழுந்தார். பைக்குள் கையை விட்டு எடுத்தார். நன்றாக மஞ்சளாகப் பழுத்த பப்பாளி.

போன வருடம் பழம் பட்ட பாடு எல்லோருக்கும் தெரியும். டீக்கன் கழுத்தை நீட்டிப் பார்த்தார். இவருக்கு என்ன ஆயிற்று, இவரும் என்னை மாதிரி ஆகிவிட்டாரா?

"இது வேலைக்கு இல்ல" என்றார். மைக்கை வாயிலிருந்து தள்ளிப் பிடித்திருந்தார். பாஸ்டர் ஐயா கிட்டே வைத்துக்கொள்ளச் சொல்லி ஜாடை காட்டினார்.

"என் வீட்டுக்காரி வாயப் பத்தி உங்க எல்லாருக்கும் தெரியும்." ஹால் முழுக்கச் சிரிப்பு. டீக்கன்தான் முதலில் சிரித்தார். "போன வருஷம் நாலு மாசம் நான் வேலையில்லாம வீட்டுல கெடந்தேன். அந்த நாலு மாசத்துல ஒரு நாள் கூட, சும்மாத்தான இருக்கீங்கன்னு இவ ஒரு வார்த்த சொல்லல. காலைல இவ வேலைக்குப் போவும்போது எனக்கும் டிபன் பாக்ஸ் கட்டி வச்சிட்டுப் போவா. வீட்டுலதான் இருக்கேன், சட்டியிலேர்ந்து எடுத்துப் போட்டுத் தின்னா போதும். ஆனாலும் வேலைக்குப் போற ஆளுக்குக் கட்டுற மாதிரியே கட்டுவா."

கட்டினேன்தான். எல்லா நாளும் இரண்டு டப்பா கட்டிய கை, அதே போலக் கட்டியது. அதை இவர் கவனித்தார் என்று எனக்குத் தெரியாது.

"பழத்த வச்சது தப்புன்னு இவ ஒரு வருஷமா உள்ளுக்குள்ள புழுங்கிட்டிருக்கா. அவ பேசாம இருக்கும்போதுதான் எனக்குப் பயமா இருக்கு. எனக்காக ஒருத்தி அவ்வளவு நிச்சயமா நம்புனா. ஆபீஸ்ல எனக்கு அத யாரும் தரல. இவ தந்தா. அது எனக்குக் கெடச்சிட்டு. அதனாலதான் காய் கொண்டு வரல, பழம் கொண்டு வந்தேன்."

பழத்தைப் பலகைமேல் வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். கல்யாணமாகி அவ்வளவு நேரம் அவர் சேர்ந்தாற்போலப் பேசி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

வீட்டுக்கு ஒருவர்தான் பேச வேண்டும் என்பது விதி. ஆனாலும் பாஸ்டரம்மா மைக்கை வாங்கிக்கொண்டு நேராகக் கடைசி வரிசைக்கு வந்து என் கையில் திணித்தார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பெரியம்மா என் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார். எழுந்தேன். எவ்வளவோ சொல்ல வேண்டியிருந்தது. "கர்த்தருக்கு ஸ்தோத்திரம்" என்றேன். உட்கார்ந்துவிட்டேன்.

பழம் போன வருடத்து அளவுக்கு இனிக்கவில்லை, யாரும் அதைச் சொல்லவும் இல்லை. ஒரு துண்டு மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார்கள்.

திரும்பி வரும்போது நான் பைக்கின் பின்னால் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். தெரு முனையில் வேகத்தைக் குறைத்தவர், திரும்பிப் பார்க்காமல் கேட்டார்:

"ரெண்டு வார்த்தைக்கு எதுக்குட்டி மைக்கு?"