நாவற்கண்டத்தில் யார் வெளியூர்?

சனிக்கிழமை காலை ஏழேகாலுக்குக் கல்முனையில் அக்கரைப்பற்று பஸ்ஸில் ஏறினேன். இருபத்தைந்து கிலோமீற்றர், நூற்றைம்பது ரூபா. பக்கத்தில் இருந்தவர் எந்த ஊர் என்று கேட்டார். வழக்கம்போல நிந்தவூர் என்றேன். பிறந்தது அங்கேதான். ஆனால் இருபத்திரண்டு வருடமாகக் கல்முனையில், மனைவியின் வீட்டில் இருக்கிறேன். எங்கள் கரையில் வீடு பெண்ணுக்குத்தான் எழுதப்படும். கலியாணம் முடித்த ஆண் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அங்கே போய்ச் சேரவேண்டியதுதான்.

நான் போய்க்கொண்டிருந்தது நாவற்கண்டத்துக்கு. மனைவிக்குச் சின்னம்மாவான சாச்சியின் மகள் ஜெஸீமா முதல்நாள் போனில் கொதித்தாள். "நம்மட ஊர்ல நிரந்தரமா ஒரு ஆளும் இல்லயாம், மச்சான். தண்ணிக் குழாய்க்குப் பதிஞ்ச தாள்ல எழுதிட்டாங்க. நாளைக்கு திரும்பப் பதிய வாறாங்க. வந்து ஒரு கடிதம் எழுதித் தாங்க."

எட்டரைக்கு அக்கரைப்பற்று. ஒரு பிளேன்டீ குடித்துவிட்டு ஓட்டோ பிடித்தேன். ஒன்பது கிலோமீற்றருக்குத் தொள்ளாயிரம் ரூபா.

"அங்க ஆரு, காக்கா, இரிக்கா? எல்லாம் வந்த ஆக்கள்தானே?" என்றார் ஓட்டோக்காரர், என்னை அண்ணன் முறை வைத்து.

"ஆரு சொன்ன?"

"பிரதேச செயலகக் கந்தோர்ல கதைச்சாங்க."

எனக்குச் சுள்ளென்று வந்தது. வயலை ஒட்டிக் குடிநீர்க் குழாய் புதைத்த தடம் கூடவே வந்து, ஊருக்கு முந்திய மதகோடு நின்றுவிட்டது. ஆளில்லாத ஊருக்குக் குழாய் எதற்கு?

ஒன்பதுமணிக்கு ஜெஸீமாவின் வாசல். நாற்பத்தொரு வீடு, ஒரு பள்ளிவாசல், இரண்டு கடை, அவ்வளவுதான் ஊர். ஏழு குடும்பங்கள் காடு வெட்டி வயலாக்கிய இடம். சண்டைக் காலத்தில் எல்லோரும் உடுத்த உடுப்போடு அக்கரைப்பற்றுக்கு ஓடினார்கள். திரும்பி வந்தபோது கூரை ஒன்றும் மிஞ்சவில்லை. அதே சுவர்களின்மேல் மறுபடி கூரை போட்டார்கள்.

இத்தனைக்கும் பிறகு ஊரை ஆளில்லாமல் ஆக்கியது ஒரு கேள்வி. போன மாதம் பதிய வந்த உத்தியோகத்தர் ஜும்ஆத் தொழுகை முடிந்த கையோடு பள்ளிவாசலில் இருந்த ஆண்களிடம் எந்த ஊர் என்று கேட்டிருக்கிறார். ஒருவர் அட்டாளைச்சேனை என்றார், ஒருவர் மருதமுனை, ஜெஸீமாவின் கணவர் நிந்தவூர். எல்லோருக்கும் பிறந்த ஊர்தான் வாயில் வந்தது. உத்தியோகத்தர் அத்தனை குடும்பத்தையும் 'தற்காலிகம்' என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். அந்த ஆண்களைத் திட்ட எனக்கு வாயில்லை. பஸ்ஸில் நானும் அதைத்தானே சொன்னேன்!

பத்தரைக்கு அதே உத்தியோகத்தர் மோட்டார் சைக்கிளில் வந்தார். இந்தமுறை பெண்கள் அவரவர் வாசலில் நின்றார்கள். ஆண்கள் பின்னால்.

"குடும்பத் தலைவர்ர பேரு?" என்று ஜெஸீமாவிடம் கேட்டார்.

"நான்தான்."

"உங்கட கணவர்?"

"அவர் நிந்தவூர், கலியாணம் முடிச்சி இஞ்ச வந்தவர். நான் கலியாணம் முடிச்சி எங்கயும் போகல்ல. எங்கும்மா போகல்ல. எங்கும்மாட உம்மாவும் போகல்ல. சேர், நீங்க எந்த ஊர்?"

"விநாயகபுரம்."

"இப்ப இரிக்கிற?"

அவர் பேனாவை ஒருமுறை பார்த்தார். "தம்பிலுவில்ல. பொஞ்சாதிர வீட்ட."

"அப்ப முதல்ல உங்களத் தற்காலிகமெண்டு எழுதுங்க. பிறகு எங்கள எழுதலாம்."

தெருவே சிரித்தது. அவரும் சிரித்துவிட்டார். ஆனால் ஜெஸீமா சிரிக்கவில்லை. பழைய தாளை எடுக்கவைத்து, ஒவ்வொரு பெயரின் கீழும் இருந்த 'தற்காலிகம்' வெட்டப்படும்வரை வாசலை விட்டு நகரவில்லை. வெட்டுவதற்கு முன் மேலிடம்தான் முடிவு செய்யவேண்டும் என்று அவர் இழுத்திருந்தார். "மேலிடத்தயும் இஞ்ச வரச் சொல்லுங்க. வாசல்லதான் நிப்பம்," என்றாள்.

நாற்பத்தொரு வாசல் முடிய ஒன்றரை ஆகிவிட்டது. சோறும் கருவாட்டுக் குழம்பும் சாப்பிட்டபிறகு கடிதத்துக்குத் தாள் கேட்டேன்.

"வேணாம் மச்சான். நாங்களே சொல்லிட்டம். நீங்க நிந்தவூர்தானே?"

எழுந்து செருப்பைத் தேடினேன்.

மூன்றரைக்குத் திரும்பும் பஸ். நிந்தவூர் வந்ததும் கொண்டக்டர் என்னை அடையாளம் கண்டு, "காக்கா, உங்கட ஊர் வந்திட்டு, இறங்கல்லயா?" என்றார்.

"என்ர ஊர் கல்முனை," என்றேன், பஸ்ஸில் எல்லோருக்கும் கேட்கும்படி.