பிள்ளையாருக்கு நான் போட்ட 777

இணையதளம் நிறுவிக் கொடுக்கிற தொழிலில் பெரிய வித்தையை எல்லாம் மென்பொருளே பார்த்துக்கொள்ளும். நமக்கென்று மிஞ்சுவது ஒரு மூன்று இலக்க எண்தான், அதிலும் தப்பு விடுவோம். எந்த ஃபோல்டரில் யார் என்ன செய்யலாம் என்று சொல்கிற எண் அது. முதல் இலக்கம் சொந்தக்காரருக்கு, இரண்டாவது அவருடைய கூட்டத்துக்கு, மூன்றாவது ஊர் உலகத்துக்கு. ஏழு என்றால் பார்க்கலாம், எழுதலாம், உள்ளே போகலாம். ஐந்து என்றால் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வரலாம், கை வைக்க முடியாது. 755 போட்டவர்கள் இந்நேரம் வேறு வேலை பார்த்துக்கொண்டிருப்பார்கள். 777 போட்டவர்கள்தான் இதைப் படிப்பீர்கள். வாருங்கள், உட்காருங்கள்.

கதவில்லாத பட்டறை

மயிலாடியில் கற்சிலை செய்கிற மணி என் வயதுக்காரர். அவர் மனைவி செல்விதான் போன், படம், கடிதம் எல்லாம் பார்த்துக்கொள்கிறவர். மலேசியாவில் ஒரு கோயில் கமிட்டி ஆறடிப் பிள்ளையாருக்கும் இன்னும் ஏழெட்டுச் சிலைகளுக்கும் ஆள் தேடியது. கடைசியில் மிஞ்சியது இவர்கள் பட்டறையும் இன்னொருவர் பட்டறையும். இரண்டு பேருடைய இணையதளத்தையும் பார்த்து முடிவு செய்வார்கள் என்று செயலாளர் சொல்லியிருந்தார். பட்டறையில் ஐந்து பேர் வேலை செய்தார்கள். இது வந்தால் அந்த ஐந்து பேருக்கும் வேலை, வராவிட்டால் அம்மிக்கல் கொத்தப் போக வேண்டியதுதான்.

அவர்களுடைய தளத்தை நிறுவி, செல்வி எடுத்த பிள்ளையார் படத்தை ஏற்றினேன். ‘இந்த ஃபோல்டரில் எழுத அனுமதி இல்லை’ என்றது. ஏன் என்று பார்க்க அரைமணி நேரம் ஆகும். செயலாளர் நாலு மணிக்குப் பார்ப்பதாகச் சொல்லியிருந்தார், அப்போது மணி மூன்றே முக்கால். 777 போட்டேன், படம் ஏறியது. “இப்போதைக்கு யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்று திறந்து வைத்திருக்கிறேன், நாளைக்கு வந்து பூட்டிவிடுகிறேன்” என்று செல்வியிடம் உண்மையைச் சொன்னேன். அவர் ரோட்டோரம் வரிசையாக நின்ற சிலைகளைப் பார்த்தார்.

“எங்க பட்டறைக்கே கதவு கிடையாது அண்ணே. நாலு பேரு சேந்தாலும் தூக்க முடியாத சாமானத்துக்கு எதுக்குப் பூட்டு?”

குலசேகரத்து ஜாக்கிரதை

மறுநாள் நான் மயிலாடிக்குப் போகவில்லை. குலசேகரத்தில் ரப்பர் கன்று விற்கிற ஒருவர் அவசரமாக வரச் சொன்னார். கல்ஃபில் இருக்கும் மச்சானுடைய கடைத் தளத்தில் யாரோ புகுந்துவிட்டார்களாம், அதனால் தன் தளத்துக்கு இருப்பதிலேயே பலமான எண்ணைப் போடச் சொன்னார். இருப்பதிலேயே இறுக்கமானது மூன்று பூஜ்யம், அதைப் போட்டால் யாருக்கும் எதுவும் தெரியாது என்றேன். அதுவே மதி, போதும் என்றார்.

போட்டேன். தன் போனில் பார்த்தார், வெற்றுப் பக்கத்தில் ‘அனுமதி இல்லை’ என்று வந்தது. மனைவியின் போனில் பார்த்தார், அங்கேயும் அதேதான். எனக்குப் பால் விடாத கட்டஞ்சாயாவும் இரண்டு பழம்பொரியும் வந்தன. இன்றுவரை அந்தத் தளத்தில் யாரும் புகவில்லை, கன்று வாங்க வருகிறவர்களும் சேர்த்துத்தான்.

“சாரே, எனக்கே காணல்ல. பின்ன கள்ளன் எங்கன காணுவான்?”

பிள்ளையார் அழைக்கிறார்

நான் சொன்ன ‘நாளைக்கு’ மூன்று வாரம் கழித்து வந்தது. அதற்குள் எங்கிருந்தோ ஒரு புண்ணியவான் திறந்து கிடந்த ஃபோல்டரைக் கண்டுபிடித்து, தன் கோப்பு ஒன்றை உள்ளே வைத்துவிட்டுப் போயிருந்தான். மலேசியாவில் கமிட்டி முழுவதும் பெரிய திரை முன்னால் உட்கார்ந்து தளத்தைத் திறந்திருக்கிறது. பிள்ளையாரைப் பெரிதாக்கிப் பார்க்கலாம் என்று செயலாளர் படத்தைத் தொட்டிருக்கிறார். காசு வைத்துச் சீட்டாடுகிற தளம் திறந்துகொண்டது. வெள்ளிக்கிழமை முடிவு சொல்கிறோம் என்று மணியிடம் சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டார்கள்.

நான் அப்போது புதுக்கடையில் ஒரு ஜவுளிக்கடைக்காரரிடம் பாதுகாப்பின் அவசியத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். செல்வியிடமிருந்து போன் வந்தது. குரலில் கோபமே இல்லை.

“அண்ணே, பிள்ளையாரத் தொட்டா சீட்டு வெளையாட வாங்கன்னு கூப்பிடுகாரு. நாங்க அப்படிச் செதுக்கல்லியே?”

விரல் ஒடிந்த அம்மன்

பட்டறையில் ஒரு கல்மேல் உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்தேன். அந்த ஒரு கோப்பை அழித்துவிட்டு, சத்தமில்லாமல் கிளம்பிவிடுவது என் திட்டம். அழித்தேன். பத்து நிமிஷத்தில் திரும்பி வந்தது. மறுபடி அழித்தேன், இந்த முறை இரண்டாக வந்தது. மொத்தத்தையும் துடைத்துவிட்டுப் புதிதாக நிறுவுவதுதான் முறை என்று எனக்குத் தெரியும். ஒரு பகல் முழுக்க ஆகும் என்பதும் தெரியும், அதனால்தான் செய்யவில்லை.

எதிரே செதுக்கிக்கொண்டிருந்த மணி உளியைக் கீழே வைத்தார். அவருக்குப் பின்னால் சுண்டுவிரல் ஒடிந்த அம்மன் சிலை ஒன்று சுவரைப் பார்த்து நின்றது. பின்னமான சிலையை ஒட்டிக் கோயிலுக்குக் கொடுக்க மாட்டார்கள். முக்கால்வாசி முடிந்த சிலையானாலும் ஒதுக்கிவிட்டு வேறு கல் எடுப்பார்கள்.

“ஒடிஞ்ச விரல ஒட்டி நான் குடுத்தா நீ கும்பிடுவியா மக்கா? சவத்தத் தூக்கிப் போட்டுட்டு புதுசாப் பண்ணுடே.”

ஐந்து

பண்ணினேன். முதல் நாள் செலவழிக்காத அரைமணி நேரத்தையும் இப்போது செலவழித்தேன். ஃபோல்டர் என் பெயரில் இருந்தது, மென்பொருள் வேறு பெயரில் ஓடிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான் விஷயம். இரண்டையும் ஒரே பெயருக்கு மாற்றியதும் 755லேயே படம் ஏறியது. ஏழு என்றால் என்ன, ஐந்து என்றால் என்ன என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, கடவுச்சொல்லையும் வாங்கிக்கொண்ட செல்வி, செயலாளரை வீடியோவில் அழைத்து, போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார். சொல்லுங்க என்றார். கதவைத் திறந்து போட்டது நான், பட்டறைக்காரர்கள்மேல் ஒரு குற்றமும் இல்லை என்று முன்பின் தெரியாத ஒரு கமிட்டியிடம் சொன்னேன். இந்தத் தொழிலில் நான் அவ்வளவு வெட்கப்பட்டது கிடையாது.

வெள்ளிக்கிழமை வேலை மணியின் பட்டறைக்கே வந்தது. சந்தோஷம் தாங்காமல், முகப்பில் ‘மலேசியா வரை’ என்று ஒரு வரி சேர்க்கலாம் என்று தளத்துக்குள் நுழைந்தேன். எல்லாம் தெரிந்தது, எதையும் மாற்ற முடியவில்லை. செல்விக்குப் போன் போட்டேன்.

“உங்களுக்கு அஞ்சு போட்டிருக்கேன் அண்ணே. எப்ப வேணும்னாலும் வந்து பாருங்க, தொடப்பிடாது.”

ஊரெல்லாம் போய் எண் போட்டுக் கொடுக்கிற எனக்கு, என் எண் என்ன என்று கண்டுபிடித்துப் போட்டவர் அவர் ஒருவர்தான்.