அக்காவின் இணையதளமும் ஐந்து பெயர்களும்

அக்கா நம்மை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. இந்த மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்கள், நண்பர்கள் அனைவருக்கும் உடன்பிறந்த தம்பியின் வணக்கம். கண்ணீர் வடித்து எழுதினால் அச்சுக்குக் கொடுக்க மாட்டேன் என்று அக்காவின் மகள், என் மருமகள், முன்கூட்டியே சொல்லிவிட்டாள். கண்டிப்பில் அவள் அப்படியே அவள் அம்மா. ஆகவே ஜெயித்த கதையாகவே எழுதுகிறேன். உண்மையும் அதுதான்.

அக்கா சேவுகம்பட்டியில் பிறந்தார். அப்பா குத்தகைக்குத் தோட்டம் பார்த்தவர். வீட்டில் நாங்கள் இரண்டே பிள்ளைகள். பள்ளிப் படிப்பு முடிந்ததும் அக்கா வத்தலக்குண்டுக்குப் பஸ் ஏறிப் போய்த் தட்டச்சு கற்று, தமிழிலும் ஆங்கிலத்திலும் முதுநிலைத் தேர்வை முதல் தடவையிலேயே முடித்தார். நான் அதே தேர்வை மூன்று தடவை எழுதினேன். இதை அக்கா எந்த விருந்திலும் சொல்லாமல் விட்டதில்லை.

திண்டுக்கல்லில் வாழ்க்கைப்பட்டார். மச்சான் நூற்பாலையில் வேலை பார்த்தார். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஆலையை மூடிவிட்டார்கள். மகளுக்கு அப்போது பால்குடி மறந்து கொஞ்ச நாள்தான். அக்கா ஒருநாள்கூட முடங்கி உட்காரவில்லை. கழுத்தில் கிடந்ததை விற்று மூன்று தட்டச்சுப் பொறிகள் வாங்கி, நீதிமன்றத்துக்குப் பக்கத்துத் தெருவில் கடை போட்டார். மனு, பத்திரம், விண்ணப்பம் எல்லாம் அடித்துக் கொடுத்தார். உதவிக்குச் செல்வி என்ற பெண் சேர்ந்தார். அவர் இன்றும் நம்மோடு இருக்கிறார்.

கம்ப்யூட்டர் வந்ததும் மனு அடிக்க வருகிற கூட்டம் குறைந்தது. அக்கா ஒரு தட்டச்சுப் பொறியை விற்றுப் பழைய கம்ப்யூட்டர் ஒன்று வாங்கினார். பிறகு இன்னொன்றை விற்று இன்டர்நெட் இணைப்பு வாங்கினார். வெளிநாட்டில் பிள்ளைகளையும் அண்ணன் தம்பிகளையும் வைத்திருப்பவர்கள் கடைக்கு வந்து, சொல்லச் சொல்ல அக்கா மின்னஞ்சல் அடித்து அனுப்புவார். அந்தக் கடிதங்களில் திரும்பத் திரும்ப ஒரே சங்கடம் வந்தது. தங்கச்சி மகளுக்குச் சடங்கு, காதுகுத்து. தாய்மாமனுக்கோ லீவு கிடைக்கவில்லை. பணம் அனுப்பிவிடுவான், ஆனால் சீரை யார் வாங்கி, யார் கொண்டுபோய் வைப்பது?

இதைத்தான் அக்கா தொழிலாக்கினார். இணையதளம் செய்யும் வித்தையை அச்சிட்ட தாள்களை வைத்துக்கொண்டு தானே கற்றார். முதல் பக்கம் மஞ்சளும் சிவப்புமாகக் கண்ணைக் குத்தும். மளிகைக் கடைக் காலண்டர் மாதிரி இருக்கிறது என்று நான் கேலி செய்தேன். அப்போதெல்லாம் இன்டர்நெட் ஓடினால் டெலிபோன் ஓடாது. அக்கா படம் ஏற்றிக்கொண்டிருக்கும் நேரத்தில் ஆர்டர் கொடுக்க யாராவது கூப்பிட்டால் லைன் கிடைக்காது. மச்சான் கடை வாசலில் நின்று, "செத்த நேரம் நிறுத்து, யாராச்சும் கூப்புட்டுட்டு இருப்பாக" என்று கெஞ்சுவார்.

முதல் பெரிய ஆர்டர் மஸ்கட்டிலிருந்து வந்தது. நெய்க்காரப்பட்டியில் தங்கை மகளுக்குச் சடங்கு. இருபத்தொரு தட்டு. பட்டுப்புடவை, மாலை, இனிப்பு, சிறுமலை வாழைப்பழம் எல்லாம் அக்காவே பார்த்துப் பார்த்து வாங்கினார். டெம்போவில் ஏற்றிக்கொண்டு அக்காவும் செல்வியும் புறப்பட்டார்கள். நான் லீவில் வந்திருந்தேன். இந்தக் கூத்து எப்படி முடிகிறது என்று பார்க்க முன்சீட்டில் ஏறிக்கொண்டேன்.

மண்டபத்தில் டிரைவர் தட்டுகளை ஒவ்வொன்றாக இறக்கிவைத்தார். பெண்ணின் அம்மா வாசலுக்கு வந்து பார்த்தார். முகம் கறுத்துவிட்டது.

"ஏனுங்க, இது எங்கண்ணன் சீருங்களா, கடைச் சரக்குங்களா? சொந்தபந்தம் தட்டெடுத்து வராம டெம்போக்காரரு எறக்கி வெச்சா அது சீருங்களா? திருப்பி எடுத்துட்டுப் போயிருங்க."

எனக்குத் தரை பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. புடவையின் விலையையும் பழத்தின் ருசியையும் யோசித்த அக்கா, சீரென்றால் சுமந்து வருகிற ஆட்கள் என்பதை யோசிக்கவில்லை. எங்கள் அப்பா வீட்டிலிருந்து அக்காவுக்கு வந்த சீரை நாங்கள் பத்துப் பேர் சுமந்து போயிருக்கிறோம். இருந்தும் தோன்றவில்லை. தொழில் மும்முரம் அப்படி.

அக்கா வாதாடவில்லை. உங்கள் அண்ணனுக்குப் பங்காளி யாரும் இந்த ஊரில் உண்டா என்று மட்டும் கேட்டார். சித்தப்பா மகன் ஒருவர் இருக்கிறார், கிணற்றுத் தண்ணீர்ச் சண்டையில் வருஷக்கணக்காகப் பேச்சில்லை, அதனால் அழைக்கவில்லை என்று கூட்டத்தில் யாரோ சொன்னார்கள். அக்கா நேரே அவர் வீட்டுக்குப் போனார். அழைக்காத விசேஷத்துக்கு நான் ஏன் வரவேண்டும் என்று அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அக்கா அவரைப் பேசியே எதிரிலிருந்த எஸ்.டி.டி. பூத்துக்கு அழைத்துப்போய், மஸ்கட்டுக்கு நம்பர் போட்டு ரிசீவரை அவர் கையில் கொடுத்துவிட்டு வெளியே வந்துவிட்டார். அந்தப் பக்கம் என்ன பேசினார்களோ தெரியாது. இவர் வெகுநேரம் "ம்" கொட்டினார். கடைசியில், "செரி, போனை வெய்யி" என்றார். வெளியே வந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, மனைவியைப் பார்த்து நல்ல புடவையாக எடுத்துக் கட்டச் சொன்னார்.

நல்ல நேரம் முடிவதற்குள் அந்தத் தெருப் பெண்கள் ஆளுக்கொரு தட்டு ஏந்த, பங்காளி முன்னால் நடக்க, சீர் மண்டபத்துக்குள் போனது. மேளக்காரர் தானாகவே எழுந்து எதிர்கொண்டு வாசித்தார். கறுத்த முகத்தோடு நின்ற அந்தத் தாய், தட்டு வாங்கும்போது அழுதார். அக்கா ஒரு தூணோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவ்வளவு சந்தோஷமாக நான் அவரைப் பார்த்ததில்லை.

திரும்பி வந்த அன்றைக்கே இணையதளத்தில் ஐந்து கட்டங்கள் சேர்த்தார். சீரைச் சுமந்து வரப்போகும் உறவினர் ஐந்து பேரின் பெயரும் போன் நம்பரும் எழுத வேண்டும். எழுதாவிட்டால் ஆர்டர் மேலே நகராது. செல்வி அந்த ஐந்து பேரையும் கூப்பிட்டுப் பேசி, வருவதாக உறுதி சொன்ன பிறகுதான் கொள்முதலே தொடங்கும். கடைக்கு வருகிறவனை வாசலில் நிறுத்திக் கேள்வி கேட்கிற வியாபாரம் உலகத்தில் உண்டா என்று நான் சிரித்தேன். ஆனால் விசேஷத்துக்கு வந்திருந்த ஒவ்வொரு கூட்டமும் தட்டுகளைப் பார்த்து, யார் மூலம் வந்தது என்று கேட்டு எழுதிக்கொண்டு போனது. ஒரு விளம்பரமும் இல்லாமல் பழனி, ஒட்டன்சத்திரம், தேனி, மதுரை என்று தொழில் பரவியது. சிங்கப்பூரில் சமையல் செய்கிறவரும் கனடாவில் டாக்டராக இருக்கிறவரும் அதே ஐந்து கட்டங்களை நிரப்பினார்கள். அக்கா கடன் என்று யாரிடமும் கைநீட்டவில்லை. வந்த லாபத்தில்தான் அடுத்த கம்ப்யூட்டர், அடுத்த வண்டி, அடுத்த ஆள்.

பிறகுதான் சோதனை வந்தது. பெங்களூரிலிருந்து இரண்டு பேர் காரில் வந்தார்கள். பெரிய முதலீடு போடுகிறோம், தமிழ்நாடு முழுக்கக் கொண்டுபோவோம், நீங்கள் சம்பளத்தோடு தலைமையில் இருங்கள் என்றார்கள். ஒரே ஒரு மாற்றம்: அந்த ஐந்து பெயர்க் கட்டங்களை எடுத்துவிட வேண்டும். பாதி வாடிக்கையாளர் அந்த இடத்தில்தான் விட்டுப் போகிறார்கள் என்று படம் போட்டுக் காட்டினார்கள். அது உண்மைதான். செல்வியும் அதைக் கவனித்திருந்தார்.

மச்சானுக்கு அப்போது நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியும் வீடுமாக இருந்தார். மகள் அடுத்த வருஷம் கல்லூரியில் சேர வேண்டும். மாதச் சம்பளக்காரனான நான் லீவு போட்டு ஓடிவந்தேன். பணத்தை வாங்கிக்கொள்ளுங்கள் என்று ஒரு பகல் முழுக்கச் சொன்னேன். குடும்பத்தைவிடக் கட்டம் பெரிதா என்றுகூடக் கேட்டேன். இன்று நினைத்தால் நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

அக்கா எனக்குச் சோறு போட்டு, வெஞ்சனம் வைத்து, எதிரில் உட்கார்ந்து நிதானமாகச் சொன்னார்.

"ஏலே அப்பு, அவுக காச வாங்குனா அவுக அவசரத்துக்கு நான் ஓடணும். ஆளில்லாத தட்ட வாசல்ல எறக்கணும். ஒருக்கா எறக்கிப் பாத்துட்டேன்ல. எனக்கு இம்புட்டுப் போதும், ஆனா இம்புட்டும் என்னுதா இருக்கணும்."

பதில் கேட்க மறுபடி வந்தவர்களைச் சாப்பிட வைத்து, மரியாதையாக வழியனுப்பினார். சில மாதங்களில் அவர்களே வேறு பெயரில் அதே தொழிலைத் தொடங்கினார்கள். விலையும் குறைவு, கேள்வியும் இல்லை. அக்காவுக்கு ஆர்டர் படுத்துவிட்டது. வண்டியை விற்றார். செல்வியைத் தவிர மற்றவர்களை வேறு வேலை பார்த்து அனுப்பிவைத்தார். காலையில் மறுபடியும் மனு அடிக்க உட்கார்ந்தார். நான் சொன்னேனே, சொன்னேனே என்று போனில் குத்திக்கொண்டே இருந்தேன். அக்கா போனை வைத்துவிட்டு, மச்சான் மாத்திரை சாப்பிட்டாரா என்று பார்க்கப் போய்விடுவார்.

அந்த வருஷம் ஆவணி முகூர்த்தங்களில்தான் காற்றுத் திசை மாறியது. மண்டப வாசலில் வேன் வந்து தட்டுகளை இறக்கிவிட்டுப் போவதும், பெண் வீட்டார் மனத்தாங்கல் கொள்வதும், மஸ்கட்டுக்கும் சிங்கப்பூருக்கும் அழுகையோடு போன் போவதும் தொடர்ந்தன. விட்டுப்போன வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். ஐந்து பெயர்தானே, பத்துப் பேர் எழுதுகிறோம் என்றார்கள். தை மாதத்தில் செல்விக்குப் பேசிப் பேசித் தொண்டை கட்டிவிட்டது. அந்தப் பெரிய நிறுவனம் சத்தமில்லாமல் கடையைக் கட்டியது. அக்கா விற்ற வண்டிக்கு இரண்டாக வாங்கினார், அனுப்பிய ஆட்களைத் திரும்ப அழைத்தார், மகளைக் கல்லூரியில் சேர்த்தார். வாடகைக்கு இருந்த கடையை மொத்தப் பணமும் கொடுத்துச் சொந்தமாக்கினார். பத்திரத்தைத் தானே தட்டச்சு செய்தார். அதில் ஒரு பிழைகூட இல்லை என்று சார்பதிவாளர் அலுவலகத்தில் பாராட்டியதை எனக்குப் போன் போட்டுச் சொன்னார்.

கடைசி மூன்று மாதங்கள் மதுரை மருத்துவமனையில் இருந்தார். வலி கடுமையாக இருந்தது. ஆனாலும் மகள் அன்றன்றைய விசேஷங்களைச் சொல்லக் கேட்டுக்கொண்டுதான் தூங்குவார். ஆஸ்பத்திரிச் செலவு முழுவதையும் தொழிலே தாங்கியது. என் பணத்தைத் தொடக்கூட விடவில்லை. அமைதியாகக் கண்மூடினார். இப்போது மருமகள் தொழிலை நடத்துகிறாள். ஐந்து கட்டங்களும் அப்படியே இருக்கின்றன.

அக்காவைக் கண்போலப் பார்த்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், இரவு பகல் பாராமல் உடனிருந்த செல்விக்கும், ஆறுதல் சொல்ல நேரில் வந்தவர்களுக்கும், கடல் கடந்து கடிதம் எழுதியவர்களுக்கும், நெய்க்காரப்பட்டியில் உண்மையை முகத்துக்கு நேரே சொன்ன அந்தத் தங்கைக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. யார் பெயராவது விட்டுப்போயிருந்தால் அது என் தவறு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

இன்னும் ஒரு நன்றி பாக்கி இருக்கிறது. அதை உயிரோடு இருக்கும்போதே சொல்லியிருக்க வேண்டும், வீம்பில் விட்டுவிட்டேன். அக்கா, அன்றைக்கு என் பேச்சைக் கேட்காமல் இருந்தீர்களே, அதற்கு நன்றி.