நீலமாகிப்போன வாய்க்கால்

என் தங்கைக்கு வீட்டில் சேத்து மகாராணி என்று பெயர். வைத்தது அம்மா. ஓவியக் கல்லூரியில் படிக்கிற பெண் வர்ணங்களை மூட்டைகட்டி வைத்துவிட்டு, வீட்டுக்குப் பின்னால் ஓடும் வாய்க்காலில் இறங்கிச் சேறு அள்ளிக்கொண்டு வந்தால் வேறென்ன பெயர் வைப்பார்கள்? சேற்றைத் துணியில் வடிகட்டி, கோந்து கலந்து, பலகையில் பூசுவாள். காய்ந்தால் வெடிக்கும். வெடித்த விதம் பிடிக்காவிட்டால் சுரண்டி எறிந்துவிட்டு மறுபடி பூசுவாள். வரைந்ததும் அதே வாய்க்காலைத்தான். குளியலறை முழுக்க நாற்றம். அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டுதான் அந்தப் பக்கமே போவாள்.

கடைசி வருடத் தேர்வுக்கு அந்தப் படத்தைக் கொடுத்தாள். இப்போதெல்லாம் படத்தைக் கொடுத்தால் மட்டும் போதாதாம். துறை உதவியாளர் துறையின் போனில் அதைப் போட்டோ எடுப்பார். அந்தப் போட்டோவைப் பார்த்து, வரைந்தது மனுஷனா மிஷினா என்று ஒரு மென்பொருள் தீர்ப்புச் சொல்லும். அந்தப் போனோ எதை எடுத்தாலும் அழகாக்கிவிடுகிற ரகம். சேற்றுக்கு நீலம் ஏற்றி, வெடிப்பையெல்லாம் இஸ்திரி போட்டு வைத்துவிட்டது. மென்பொருள் அதைப் பார்த்து 'மிஷின் வேலை' என்றது. ஒரு மிஷின் செய்த கூத்துக்கு இன்னொரு மிஷின் என் தங்கைமேல் பழி போட்டது. தையல் கடையில் நான் ஓட்டுவதும் மிஷின்தான். ஆனால் நான் மிதித்தால்தான் அது ஓடும். நான் கேட்காத பூவைச் சட்டையில் போட்டு வைக்காது.

வீட்டிலிருந்து யாராவது வர வேண்டும் என்றார்கள். நான் அரைநாள் லீவு போட்டுவிட்டு அவளோடு போனேன். துறைத்தலைவரின் அறையில் படத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிச் சாத்தியிருந்தார்கள்.

"மன்னிப்புக் கடிதம் எழுதிக் குடுத்துடும்மா. பாஸ் போட்டுடலாம்," என்றார் அவர், கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"படம் உங்களுக்குப் பின்னாடிதான் சார் இருக்கு. ஒரு தடவை திரும்பிப் பாருங்க," என்றாள் தங்கை.

அவர் திரும்பவில்லை. இவளே போய்ப் பலகையைத் தூக்கி வந்து, மேசையில் அவருடைய காகிதங்கள் மேலேயே வைத்தாள். சேறு பொலபொலவென்று உதிர்ந்தது. வேறு வழியில்லாமல் அவர் குனிந்து விரலால் தடவிப் பார்த்தார்.

"இந்த வெடிப்பெல்லாம் நீயா போட்ட?"

"இல்ல சார். காயும்போது தானா வெடிச்சது."

"அப்போ பாதி நீ வரையல. வாய்க்கால் செஞ்சா கலை, மிஷின் செஞ்சா மட்டும் தப்பா?"

இதே கேள்வியைச் சாப்பிடும்போதும் துணி மடிக்கும்போதும் என்னிடம் கேட்டு உயிரை வாங்கியவள் அவள். அன்று அவள் குழம்பவில்லை.

"அந்தச் சேத்துல நான் இறங்கினேன் சார். கண்ணாடி குத்திக் கால் கிழிஞ்சுது. எந்த வெடிப்பு இருக்கணும், எது போகணும்னு உக்காந்து பாத்துப் பாத்து நான்தான் முடிவு பண்ணேன். உங்க போன் யாரைக் கேட்டு நீலம் பூசுச்சு?"

கடைசியில் படம் அவளுடையதுதான் என்று ஒப்புக்கொண்டு பாஸ் போட்டார். அத்தோடு விட்டிருந்தால் நானும் இதைச் சொல்ல வந்திருக்க மாட்டேன்.

கல்லூரிக் கண்காட்சிக்கு அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனோம். சுவரில் ஒரு படம்கூட இல்லை. இடமில்லையாம், எல்லாவற்றையும் திரைகளில் காட்டினார்கள். என் தங்கையின் திரையில் அந்தப் போன் எடுத்த நீல வாய்க்கால் பளபளத்தது. கீழே அட்டையில் அவள் பெயர். சுற்றி நின்றவர்கள் ஆகா ஓகோ என்றார்கள்.

"வீட்ல நீ வரைஞ்சதவிட இதுதான்டி லட்சணமா இருக்கு," என்றாள் அம்மா. மனசாரத்தான் சொன்னாள்.

தங்கையின் முகம் சுண்டிப்போனது. நேரே போய் அட்டையைப் பிய்த்தாள். துறைத்தலைவர் பதறிக்கொண்டு ஓடிவந்தார்.

"என்னம்மா பண்ற? நீ வரைஞ்சதுன்னு நாங்கதான் ஒத்துக்கிட்டோமே!"

"நான் ஒத்துக்கல சார்," என்றாள்.